பழைய காரும் புதிய விலையும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "கால் மணி நேரம் ஏதாவது உபயோகமாப் பேசுப்பா, எல்லாரும் பழைய கதையே பேசறாங்க" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் கொண்டு வந்திருப்பதும் பழைய கதைதான். பழைய கார் கதை. செராமிக் படித்தவன் கார் பற்றி என்ன பேசப் போகிறான் என்று பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. எங்கே சுற்றினாலும் கடைசியில் சூளைக்கே வந்து சேருவேன், கவலைப்படாதீர்கள்.

நான் இங்கே டிப்ளமோ முடித்தவன். பிறகு வேலை பார்த்துக்கொண்டே பி.இ. முடித்தேன். ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக ஒரு பீங்கான் பகுதி இருக்கிறதே, அந்த மாதிரி அலுமினா இன்சுலேட்டர் செய்யும் தொழிலில்தான் பல வருஷமாக இருக்கிறேன். காருக்கும் எனக்கும் உள்ள தொழில் உறவு அந்த வெள்ளைப் பீங்கான் அளவுதான். குடும்ப உறவு வேறு. அது என் மாமாவின் ஃபியட் கார்.

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் வாடகைக்குக் கார் ஓட்டியவர் என் தாய்மாமா. 1984 மாடல் பிரிமியர் பத்மினி. ஊரில் அதைப் 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். பழமலைநாதர் கோயிலில் தாலி கட்டிவிட்டு அந்தக் காரில் ஏறிய மாப்பிள்ளை, பெண் எத்தனையோ பேர். மாமா 2016-ல் காலமானார். கார் வீட்டுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் நின்றுவிட்டது. மூன்று மழைக்காலம் போனது. 2019-ல் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து 18,000 ரூபாய் தருகிறேன் என்றார். மாமி என்னைக் கூப்பிட்டு, "நீ இன்ஜினியர்தானே, இதை என்ன செய்யலாம்னு சொல்லு" என்றார்கள். நான் கெத்தாக, "விற்க வேண்டாம், நான் புதுசாக்கித் தரேன்" என்றேன். அங்கே ஆரம்பித்தது.

பத்மினி நம்ம ஊர்ப் பெயர், ஆனால் பிறந்த வீடு இத்தாலி. டூரின் நகரத்து ஃபியட் கம்பெனியின் 1100 என்ற கார்தான் அது. பம்பாய் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைச் செய்தார்கள். 1964-ல் 'டிலைட்' என்றார்கள், பிறகு 'பிரசிடென்ட்', 1974-லிருந்து 'பத்மினி'. கடைசியாகப் பதிவான பம்பாய் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த எஞ்சின் 1,089 சி.சி. உருளையின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 75 மில்லிமீட்டர். இந்த அளவு 1937-ல் வந்த ஃபியட் 508 சி. காரிலேயே வந்துவிட்டது. இதைத் தேடிப் படிக்கும்போதுதான் எனக்கு ஒரு சங்கதி தெரிந்தது. என்ஸோ ஃபெராரி 1939-ல் ஆல்ஃபா ரோமியோவை விட்டு வெளியே வந்தபோது, நான்கு வருஷத்துக்குத் தன் பெயரைக் காருக்கு வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். ஆகவே பெயர் இல்லாமல் 1940-ல் பந்தயத்துக்கு இரண்டே கார் செய்தார். 815 என்று எண் மட்டும் வைத்தார். எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். அந்த எஞ்சினுக்கு அடிப்படை, இதே ஃபியட் 508 சி. எஞ்சினின் உதிரி பாகங்கள். இரண்டு நாலு சிலிண்டரைச் சேர்த்து எட்டாக்கின கணக்கு. இரண்டு காரும் அந்தப் பந்தயத்தை முடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. 1947-ல் பினின்ஃபரினா வடிவமைத்த சிசிடாலியா 202 என்ற ஸ்போர்ட்ஸ் கார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதைச் சிற்பம் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் எஞ்சினும் ஃபியட் 1100 தான். ஆக, ஜங்ஷன் வாசலில் சவாரிக்கு நின்ற மாமாவின் காரும், உலகம் கும்பிடுகிற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரும் தூரத்து ஒன்றுவிட்ட சொந்தம். பங்காளி பணக்காரன் ஆகிவிட்டான், நாம் இங்கேயே இருந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எவ்வளவு பணக்காரன் என்று சொல்கிறேன். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்ற கார் 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 செய்தார்கள். அமெரிக்காவில் புதிதாக அதன் விலை சுமார் 18,000 டாலர். 2014-ல் ஒன்று ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலருக்குப் போனது. 2018-ல் இன்னொன்று 4 கோடியே 84 லட்சம். 2023-ல் அதே குடும்பத்தைச் சேர்ந்த 1962 கார் ஒன்று 5 கோடியே 17 லட்சம் டாலர். நம்ம கணக்கில் 400 கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

இதே காருக்கு மரியாதை இல்லாத காலமும் இருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்று ஓர் ஊர். அங்கே ஒருவர் தன் ஜி.டி.ஓ.வை, மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். பள்ளி அதை 1972-ல் 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவரோ பல வருஷம் அதைத் திறந்த வெளியில் ஒரு டிரெய்லர் மேல் நிறுத்தி வைத்திருந்தார். நம்ம வொர்க்ஷாப் மூலையில் கிடக்கும் பழைய எந்திரத்தை இனிமேல் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள் என்று முதல்வர் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.

விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்றும் நினைக்க வேண்டாம். 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்தார். அதையொட்டி வியாபாரிகள் வாங்கிக் குவித்தார்கள், விலை வெறி பிடித்த மாதிரி ஏறியது. 1990-க்குப் பிறகு சரிந்தது. கடன் வாங்கி வாங்கியவர்கள் கை சுட்டது. ஆசைக்கு வாங்கியவன் காரை வைத்துக்கொண்டான், லாபத்துக்கு வாங்கியவன் மாட்டிக்கொண்டான்.

சரி, வாங்குகிற விலையை விடுங்கள். பழுது பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டு வருகிற செலவுதான் நமக்குப் பாடம்.

2023-ல் கலிபோர்னியாவில் ஓர் ஏலம். 1954 ஃபெராரி 500 மொண்டியால். கார் என்று சொன்னால் தப்பு. பந்தயத்தில் அடிபட்டு, தீப்பிடித்து, நசுங்கின தகட்டுக் குவியல். அதற்கு 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள், நம்ம பணம் சுமார் 15 கோடி. அதில் விலை போனது தகடு இல்லை, அந்த சேசிஸ் எண். எண் உண்மை என்றால் மிச்சத்தைத் திரும்பச் செய்துகொள்ளலாம் என்ற தைரியம்.

ஆனால் திரும்பச் செய்வது யார்? அந்தக் காலத்து ஃபெராரி உடல்கள் பலவற்றை மொடெனாவில் ஸ்காலியெட்டி பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டிச் செய்தார்கள். இடது பக்கத்து வளைவும் வலது பக்கத்து வளைவும் ஒன்றாக இருக்காது. ஒரு காரின் கதவு இன்னொரு காருக்குப் பொருந்தாது. அந்த மாதிரித் தட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே ஒரு கார் ஆயிரக்கணக்கான மணி நேர வேலையை விழுங்குகிறது. செலவு உலோகத்துக்கு இல்லை, கைக்கு. ஒரு கை மறந்துபோனதை இன்னொரு கை முதலிலிருந்து கற்றுக்கொள்கிற கூலிதான் அந்தப் பில்லில் பெரிய தொகை.

ஃபெராரி கம்பெனி 2006-ல் பழைய கார்களுக்கென்றே 'கிளாசிக்கே' என்று ஒரு பிரிவு தொடங்கியது. அதன் பலம் என்ன தெரியுமா? பெட்டகத்தில் இருந்த பழைய வரைபடங்களும் பதிவேடுகளும். அதை வைத்துத்தான் இந்தக் காரில் இருப்பது பிறந்தபோது இருந்த எஞ்சினா என்று சான்றிதழ் தருகிறார்கள். உடைந்துபோன எஞ்சின் பிளாக்கைக்கூடப் பழைய வரைபடத்தின்படி திரும்ப வார்க்கிறார்கள். காகிதம் இருந்ததால் பிழைத்தது.

இப்போது நம்ம பில்லுக்கு வருவோம். மாமா காருக்கு நான் போட்ட மதிப்பீடு 1,75,000 ரூபாய். ஆனது இது: தரைத் தகடும் டிங்கரிங்கும் 1,10,000. பெயின்ட் 85,000. எஞ்சின் போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, கிராங்க் அரைத்தது 62,000. உதிரி பாகங்கள் 55,000. சீட் 45,000. பம்பர், கைப்பிடிகளுக்குக் குரோம் பூச்சு 38,000. வண்டியை லாரியில் ஏற்றி இறக்கியது 25,000. ஒயரிங் 22,000. டயர் ஐந்து 18,000. கூட்டினால் 4,60,000. நடுவில் ஊரடங்கு வேறு. 2021-ல் கார் வீடு வந்து சேர்ந்தது. கேட்டு வந்தவர் கொடுக்க முன்வந்த தொகை 2,25,000. பாதிகூட இல்லை. என் மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

இதோடு அரசாங்கக் கணக்கும் உண்டு. 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். 2021-ல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு வாங்கலாம், ஆனால் காருக்கு 50 வயது ஆக வேண்டும். மாமா கார் 2034 வரை காத்திருக்க வேண்டும்.

பணம் போனது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் வேறு.

கார் வந்த அன்று மாமி வெளியே வந்தார்கள். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. சுற்றி வந்து பார்த்தார்கள். டிரைவர் பக்கத்துக் கதவுகிட்ட நின்றார்கள். ஜன்னல் விளிம்பில் கையை வைத்துத் தடவினார்கள். பிறகு மெதுவாக, "கார் ரொம்ப நல்லாயிருக்குப்பா. அவரு முழங்கை வைக்கிற இடம் எங்க?" என்று கேட்டார்கள்.

முப்பது வருஷம் அதே இடத்தில் முழங்கையை ஊன்றி ஓட்டியவர் மாமா. அங்கே பெயின்ட் தேய்ந்து, தகடு வெளுத்து, லேசாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பட்டறைக்காரர் என்னிடம் கேட்கத்தான் செய்தார், "சார், இதையும் பட்டி போட்டு அடைச்சிடலாமா?" என்று. நான்தான், "எல்லாம் புதுசு மாதிரி இருக்கணும்" என்றேன். அவர் மேல் குற்றம் இல்லை. அந்தத் தடம் மறைந்தது என் வாய் வார்த்தையில்.

2015-ல் பாரிசில் நடந்த ஓர் ஏலத்தைப் பற்றி அதற்கப்புறம்தான் படித்தேன். ஒரு பழைய கொட்டகையில், பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில், ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா ஸ்பைடர் ஒன்று பல வருஷம் கிடந்திருக்கிறது. ஒரு காலத்தில் நடிகர் ஆலன் டெலான் வைத்திருந்த கார். அதைக் கழுவிப் பளபளப்பாக்கி ஏலத்துக்குக் கொண்டு வரவில்லை. தூசியோடு அப்படியே நிறுத்தினார்கள். 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. விவரம் தெரிந்தவர்கள் துடைப்பதற்கு முன்னால் யோசிக்கிறார்கள். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், அடித்ததற்குக் கீழே இருந்ததைத் திரும்பக் கொண்டு வர முடியாது. எனக்கு அது 85,000 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்.

சூளைக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா, வந்துவிட்டேன்.

ஒயரிங் செய்யும்போது பழைய ஃபியூஸ்கள் கழன்று வந்தன. 25 மில்லிமீட்டர் நீளம், இரண்டு முனையும் கூம்பு, மேலே ஒரு உலோகப் பட்டை. அந்தக் காலத்து ஐரோப்பியக் கார்களில் இந்த ஜாதி ஃபியூஸ்தான். உடல் பழைய வகையில் ஸ்டீட்டைட், அதாவது மாக்கல் கலந்த நம்ம பீங்கான். இப்போது கடையில் கிடைப்பது பிளாஸ்டிக் உடல். மலிவுதான், ஆனால் கிளிப் சூடானால் முனை இளகி, பிடிப்பு விட்டுப் போகிறது. என் வகுப்புத் தோழன் ஒருவன் இங்கே சின்ன யூனிட் வைத்திருக்கிறான். "மாப்ளே, ஒரு ஐம்பது செய்து கொடு" என்றேன்.

அவனிடம் பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஒருவன், நல்ல சுறுசுறுப்பு. பழைய ஃபியூஸை அளந்து, அதே 25 மில்லிமீட்டருக்கு டை வெட்டச் சொல்லிவிட்டான். 1,300 டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்தால் 23 மில்லிமீட்டர் இருக்கிறது. கிளிப்பில் நிற்கவே இல்லை, கையில் உருண்டது. எங்கள் கலவைக்குச் சுருக்கம் நூற்றுக்கு எட்டு. அதைச் சேர்த்து 27.2 மில்லிமீட்டருக்கு டை வெட்டியிருக்க வேண்டும். முதல் பருவத்துப் பாடம்! இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்திருப்போம். இரண்டாவது டையில் சரியாக வந்தது. இன்று மாமா காரில் எட்டு ஃபியூஸும் விருத்தாசலம் சரக்கு.

அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவன் செய்ததைத்தான் பழைய காரைப் புதுப்பிக்கிற எல்லோரும் முதலில் செய்கிறார்கள். பழைய பொருளைப் பார்த்து அப்படியே அச்சு எடுத்தால், வருவது சிறிதாகத்தான் வரும். அலுமினிய வார்ப்பிலும் இதே கதை, அங்கே சுருக்கம் நூற்றுக்கு ஒன்றே கால், ஒன்றரை. முடிந்த பொருள் தன்னைச் செய்த விதத்தைச் சொல்லாது. எவ்வளவு கூட்டினான், எந்த மண், எத்தனை மணி நேரம் சூடு, எங்கே வெடித்தது என்பதெல்லாம் செய்தவன் நோட்டில்தான் இருக்கும். நோட்டு போனால், பின்னால் வருகிறவன் பணத்தைக் கொட்டி அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபெராரிக்கு ஆகிற செலவின் ரகசியம் பாதி இதுதான்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? நான் படித்த நாளில் இந்த ஊரில் எரிந்துகொண்டிருந்த சூளைகளில் சில இன்று அணைந்துவிட்டன. ஒரு யூனிட் மூடினால் எந்திரத்தை விலைக்கு வாங்க ஆள் வருகிறான். பிளாஸ்டர் அச்சுகளை யாரும் வாங்குவதில்லை, குப்பையில் உடைத்துப் போடுகிறார்கள். பொம்மைக்கு, ஃபியூஸ் கேரியருக்கு, ஜாடிக்கு என்று இருபது முப்பது வருஷம் பார்த்துப் பார்த்துத் திருத்திய அச்சு அது. நெய்வேலிக் களிமண்ணோடு எதை எவ்வளவு சேர்த்தால் கோணாமல் வரும் என்று ஒரு மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும். அவர் வீட்டுக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. நாமும் நல்ல எண்ணத்தோடுதான் சுத்தம் செய்கிறோம், நான் முழங்கைத் தடத்தை அடைத்த மாதிரி.

அதனால் சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். கல்லூரியில் ஒரு பீரோ, ஒரே ஒரு பீரோ போதும். பழைய அச்சு, கலவைக் கணக்கு, மெருகுக் கணக்கு, சுருக்க அளவு, சூளைப் பதிவு என்று யாரிடம் என்ன இருக்கிறதோ கொண்டு வந்து வைப்போம். மூடுகிற யூனிட்டுக்குத் தம்பிகள் இரண்டு பேர் போய் மேஸ்திரியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வரட்டும். சரியாக வந்ததை மட்டும் எழுதாதீர்கள், கெட்டுப் போனதையும் எழுதுங்கள். பீரோ வாங்குகிற செலவு என்னுடையது. 4,60,000 செலவழித்தவனுக்கு இது பெரிய தொகை இல்லை.

முதல் பொருளும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். இந்த உறையில் ஃபியூஸ் உடலின் வரைபடம், கலவை, சுருக்கக் கணக்கு இருக்கின்றன. கூடவே இரண்டு ஃபியூஸ். ஒன்று 25 மில்லிமீட்டர், ஒன்று 23. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

காரை விற்கவில்லை. மாமி வீட்டில்தான் நிற்கிறது. விசேஷ நாட்களில் நான் ஓட்டுகிறேன். முழங்கையை அந்த இடத்தில்தான் வைக்கிறேன். இன்னும் முப்பது வருஷம் போனால் பெயின்ட் தேயும் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறேன். "அதுவரைக்கும் நான் இருக்கணுமே" என்று சிரித்தார்கள்.